ஆர்கான் பிளாஸ்மா தாரை: கேள்வி பதில்

பிளாஸ்மா என்றாலே ஆயிரக்கணக்கான டிகிரி என்று படித்திருக்கிறோம். இந்தத் தாரையில் விரலை நீட்டினாலும் சுடவில்லை என்கிறார்களே?

இரண்டும் உண்மைதான். மெல்லிய குழாயில் ஓடும் ஆர்கானுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், சில அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து வாயு பிளாஸ்மாவாகும், ஒளிரும் தாரையாக வெளியே வரும். எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் கெல்வினைத் தாண்டும். ஆர்கான் அணுக்களோ அறை வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஆர்கான் அணு எலக்ட்ரானைவிடச் சுமார் 73,000 மடங்கு கனம். அதனால் ஒரு மோதலில் கைமாறும் வெப்பம் இம்மியளவுதான். ஓடும் வாயு அதையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது. மின்திறனைக் கூட்டி, வாயு ஓட்டத்தைக் குறைத்துப் பாருங்கள், நன்றாகவே சுடும். சோதிக்க விரல் வேண்டாம், வெப்பமானி இருக்கிறது.

ஹீலியத்தில் தாரை சீராக வருகிறது. ஆர்கானுக்கு மாற்றினால் மெல்லிய இழைகளாகப் பிரிந்து துள்ளுகிறது. கருவியில் கோளாறா?

இல்லை, அது ஆர்கானின் சுபாவம். ஹீலியம் வெப்பத்தைக் கடத்துவதில் ஆர்கானைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு கெட்டிக்காரன். ஆர்கானில் சூடு ஓரிடத்தில் தேங்கும், அங்கே வாயு அடர்த்தி குறையும், மின்னோட்டம் அந்த வழியையே தேடிப் போகும். இழை பிறந்துவிட்டது. மின்னழுத்தத்தைக் குறுகிய துடிப்புகளாகக் கொடுத்தால் ஓரளவு அடங்கும்.

தாரை தொடர்ச்சியானது அல்ல, ‘தோட்டாக்கள்’ என்கிறார்கள். அப்படியா?

கிலோஹெர்ட்ஸ் மின்னழுத்தத்தில், அதாவது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மாறும் மின்னழுத்தத்தில் இயங்கும் பல தாரைகளில் அப்படித்தான். 2 மி.மீ. விட்டமுள்ள குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் வாயு விட்டால் அது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில்தான் ஓடும். அதிவேகக் கேமராவில் தெரியும் ஒளித்திரளோ விநாடிக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் பாயும். பாய்வது வாயு அல்ல, வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்தபடி முன்னேறும் அயனியாக்க அலை.

இந்தத் தாரை கிருமிகளைக் கொல்லும் என்கிறார்கள். ஆர்கான் எதனோடும் சேராத மந்த வாயு ஆயிற்றே. கிருமியைக் கொல்வது எது?

இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி. ஆர்கான் இங்கே ஆற்றலைச் சுமக்கும் கூலியாள் மட்டுமே. கிளர்ந்த நிலையில் அதன் அணு சுமார் 11.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் பயன்படும் ஆற்றல் அலகு) ஆற்றலைச் சுமந்து நிற்கும். நீர் மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிய்க்க 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேல் போதும். எனவே வெளிக்காற்றைத் தொட்டதுமே ஹைட்ராக்சில் (ஒரு ஹைட்ரஜனை இழந்த நீர் மூலக்கூறு), அணு ஆக்சிஜன், நைட்ரிக் ஆக்சைடு, ஓசோன் எல்லாம் உருவாகின்றன. ஈரப் பரப்பில் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேரும். கொல்வது இந்தக் கூட்டம்தான்.

ஒளியை அலைநீளங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியை வைத்தால் 696, 763 நானோமீட்டரில் ஆர்கான் கோடுகள் தெரியும். 309-இல் ஹைட்ராக்சில் தலைகாட்டும். சுத்தமான சிலிண்டரை மாட்டியும் 309 மறையவில்லையா? ரப்பர், பிளாஸ்டிக் குழாய்களைச் சந்தேகியுங்கள். அவற்றின் சுவர் வழியே ஈரம் கசிந்து வரும். உலோகக் குழாய்க்கு மாறினால் கோடு மங்கும்.

எண்டோஸ்கோப்பியில் ரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படும் ஆர்கான் பிளாஸ்மாவும் இதுவேதானா?

வாயு ஒன்று, வேலை வேறு. அங்கே மின்னோட்டம் திசுவின் வழியே பாய்ந்து அதைச் சூடாக்கி உறையவைக்கிறது. ஆறாத புண்களுக்கான குளிர் தாரை திசுவைச் சுடக் கூடாது. அத்தகைய குளிர் தாரையைத் தரும் கின்பென் மெட் என்ற ஜெர்மன் ஆர்கான் கருவி 2013-இல் மருத்துவச் சாதனமாகச் சான்று பெற்றது.

பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில் பசை ஒட்டவில்லை. தாரை உதவுமா?

உதவும். பரப்பில் ஆக்சிஜன் தொகுதிகள் ஏறுவதால் முத்தாக நின்ற நீர்த்துளி படர்ந்துவிடும், பசையும் அப்படியே படர்ந்து பிடிக்கும். ஆனால் நாளாக ஆகப் பழைய குணம் திரும்பும். தாரை காட்டிய கையோடு ஒட்டிவிடுங்கள்.

பாதுகாப்புக்கு?

ஓசோனை வெளியேற்ற உறிஞ்சு விசிறி, புற ஊதாக் கதிரிலிருந்து கண்ணைக் காக்கப் பாதுகாப்புக் கண்ணாடி. ஆர்கான் காற்றைவிடக் கனமானது, மணமும் கிடையாது. பூட்டிய சிற்றறையில் சிலிண்டர் கசிந்தால் மூச்சுத் திணறல்கூடத் தெரியாமல் மயங்கி விழ நேரும். ஆக்சிஜன் அளவுமானி ஒன்றை மாட்டுங்கள்.