புல் வெட்டும் தொழிலுக்கு எந்த ரைடிங் மோவர்? கேள்வி பதில்

புல்வெளி பராமரிப்பைத் தொழிலாகச் செய்பவர்கள் வண்டி வாங்கும் முன் என்னிடம் கேட்டவற்றில் சில இவை. பதினைந்து வருடமாக இந்த வண்டிகளை ஓட்டியும் பழுது பார்த்தும் கற்றதிலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, தள்ளும் மோவரை வைத்தே இருபது வீடு பார்க்கிறேன். இப்போது முதல் ரைடிங் மோவர், அதாவது ஏறி ஓட்டும் புல்வெட்டும் வண்டி, வாங்கப் போகிறேன். டெக் 48 அங்குலமா, 60 அங்குலமா?

பதில்: தம்பி, கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு இருபது வீட்டு கேட்டையும் அளந்து வாருங்கள். டெக் என்பது வண்டிக்கு அடியில் பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு. டெக் அளவு என்பது பிளேடு வெட்டும் அகலம் மட்டும்தான். புல்லை வெளியே தள்ளும் பக்கத்து மூடி இறங்கியிருந்தால் வண்டியின் மொத்த அகலம் இன்னும் சுமார் ஓர் அடி கூடும். கேட்டுக்குள் நுழையும்போது பிளேடை நிறுத்திவிட்டு அந்த மூடியைத் தூக்கிக்கொள்ளலாம். வெட்டும்போது அது கட்டாயம் இறங்கியிருக்க வேண்டும்.

நான் முதலில் வாங்கியது 60. ஆறு வீட்டின் பின்தோட்டத்துக்குள் அது போகவே இல்லை. வண்டி வாசலில் நிற்க, பழைய மோவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

கணக்கையும் பாருங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், திருப்பங்களுக்கும், ஏற்கெனவே வெட்டிய பட்டையின்மேல் கொஞ்சம் ஏறி வெட்டுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால், 48 அங்குலம் மணிக்கு சுமார் 2.4 ஏக்கர் வெட்டும், 60 அங்குலம் 3 ஏக்கர். பெரிய மைதானத்தில் இது நல்ல லாபம். ஆனால் 400 சதுர மீட்டர் புல்வெளியில் வித்தியாசம் அரை நிமிடம்தான். உங்கள் இருபதும் வீடுகள் என்பதால் 48 போதும். கேட் எல்லாம் குறுகலாக இருந்தால் 36 அங்குலத்தையும் யோசியுங்கள்.

கேள்வி: உட்கார்ந்து ஓட்டும் சீரோ-டர்னா, நின்றபடி ஓட்டுவதா, ஸ்டீயரிங் வைத்த டிராக்டர் மாடலா?

பதில்: டிராக்டர் மாடல் வேண்டாம். அது சொந்தத் தோட்டத்துக்கானது. ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் வெட்டாத பட்டையை விட்டுவிடும். சீரோ-டர்னில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி ஹைட்ராலிக் டிரைவ் உண்டு. ஒரு லீவரை முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளினால் நின்ற இடத்திலேயே திரும்பும். ஆனால் அப்படித் திருப்பினால் டயர் புல்லைப் பிய்த்துவிடும், அதனால் முன்னே பின்னே எடுத்துத் திருப்பப் பழகுங்கள்.

நாள் முழுக்க திறந்த வெளி வேலை என்றால் உட்காரும் வண்டிதான், அதுவும் குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் சீட்டோடு. முதுகு உங்களுடையது, சீட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். வீடு வீடாக ஏறி இறங்குவதென்றால் நின்று ஓட்டும் வண்டி வசதி. டிரெய்லரில் இடம் குறைவாகப் பிடிக்கும். வழியில் குச்சியோ பாட்டிலோ கிடந்தால் சட்டென்று இறங்கி எடுக்கலாம்.

கேள்வி: வீட்டு உபயோக மாடல் அதே குதிரைசக்தியில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே, சார்?

பதில்: எஞ்சினை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். குனிந்து அடியில் பாருங்கள். வீட்டு மாடலின் டெக் பெரும்பாலும் அச்சில் அழுத்திய மெல்லிய தகடு. தொழில் மாடலில் தடித்த தகட்டை வெட்டி வெல்டு செய்திருப்பார்கள். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்: 7 கேஜ் என்றால் சுமார் நாலரை மில்லிமீட்டர். வீட்டு மாடல்களின் ஹைட்ரோவில், அதாவது சக்கரத்தை ஓட்டும் ஹைட்ராலிக் டிரைவில், பலவற்றுக்கு ஆயில் மாற்றவே வழியிருக்காது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஓடுவதற்காகச் செய்தது. தொழிலுக்கு ஓட்டினால் வாரண்டி செல்லாது, அல்லது சில மாதமாகச் சுருங்கும் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

கேள்வி: எஞ்சின் கவாசாகியா, கோலரா?

பதில்: இரண்டிலும் தொழில்தர எஞ்சின் உண்டு, வீட்டுத்தர எஞ்சினும் உண்டு. கம்பெனிப் பெயரைவிட எந்த மாடல் வரிசை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 900 மணி நேரம் ஓடிய பழைய வண்டி ஒன்று வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின்மேல் கை வைத்துப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆன பிறகு நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

அப்புறம் எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பிளேடின் முனையையும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், பிளேடைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங் போயிருக்கிறது. கையால் சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலும் அதேதான். டெக்கைத் தொங்கவிடும் இடங்களிலும் முன்சக்கர முட்டுகளிலும் வெல்டு விரிசலைத் தேடுங்கள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள்.

கடைசியாக ஹைட்ரோ. இதில் நான் பட்டிருக்கிறேன். காலையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்து ஒரு வண்டி வாங்கினேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. அன்று மதியமே டிரெய்லர் பலகையில் பாதி ஏறி அப்படியே நின்றுவிட்டது. ஆயில் சூடானால் இளகும். பம்ப் தேய்ந்திருந்தால் அப்போது அழுத்தம் நிற்காது. எனவே அரை மணி நேரமாவது ஓட்டி, நன்றாகச் சூடேற்றி, மேட்டில் ஏற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் பின்தங்கி வண்டி இழுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். இந்த வண்டியில் விலை கூடிய பழுது அதுதான்.

கேள்வி: ஒரு வாடிக்கையாளர் வீட்டில் குளக்கரைச் சரிவு. சீரோ-டர்ன் ஏறுமா?

பதில்: பெரும்பாலான கையேடுகள் 15 டிகிரிக்கு மேல் போகாதே என்கின்றன. பத்தடி போவதற்குள் சுமார் 2.7 அடி ஏறினால் அது 15 டிகிரி. சீரோ-டர்னின் முன்சக்கரம் தானாகச் சுழல்வது. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தான். ஈரப்புல்லில் அவை வழுக்கினால் திசையும் இல்லை, பிரேக்கும் இல்லை. கீழே தண்ணீர் இருந்தால் தயவுசெய்து போகாதீர்கள். கரையோரத்தைக் கை மெஷினால் வெட்டி, அதற்குத் தனியாகக் கூலி கேளுங்கள். வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காக்கும் கம்பி வளைவான ரோல் பார் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் போட்டே ஓட்டுங்கள்; மடித்திருந்தால் பெல்ட் போடக் கூடாது, கவிழும்போது உங்களை வண்டியோடு கட்டி வைத்துவிடும்.

கேள்வி: அண்ணா, எல்லாம் ஒன்றுபோல இரண்டு வண்டி. எப்படி முடிவெடுப்பது?

பதில்: டீலரை வைத்து. இரண்டு கடைக்கும் போய் அந்த மாடலின் டெக் பெல்ட்டும் ஒரு ஸ்பிண்டிலும் வேண்டும் என்று கேளுங்கள். அலமாரியிலிருந்து எடுத்து வைப்பவரிடம் வாங்குங்கள். ஒரு முறை ஒரு பேரிங்குக்காக ஒன்பது நாள் காத்திருந்தேன். சீசனின் நடுவில் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். விலையில் குறைத்துத் தந்த பணம் அந்த ஒன்பது நாளில் போய்விட்டது. பழுது வந்தால் மாற்று வண்டி தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். வண்டி எடுக்கும் அன்றே ஒரு பெல்ட்டும் இரண்டு செட் பிளேடும் சேர்த்து வாங்குங்கள். எட்டுப் பத்து மணி நேர வெட்டுக்கு ஒரு முறை பிளேடைத் தீட்ட வேண்டியிருக்கும்; ஒரு செட் தீட்டலில் இருக்கும்போது இன்னொன்று வண்டியில் ஓடட்டும்.