கன்னியாவில் எது ஊறுகிறது?

ஐயா, என் மகள் தரம் 5 படிக்கிறாள். எழுத்துப்பிழையால்தான் தமிழில் புள்ளி போகிறது. தினமும் 20 சொல், ஒவ்வொன்றும் பத்துத் தரம் எழுத வைக்கிறேன். அப்படியும் 'பயிற்ச்சி' என்றே எழுதுகிறாள். மக்குப் பிள்ளையோ என்று பயமாக இருக்கிறது. வேர்ச்சொல் சொல்லிக் கொடுத்தால் குழம்பிவிடுவாளா? நல்ல அகராதிச் செயலி ஏதும் உண்டா?
ஒரு தாய், உப்புவெளி

தங்கச்சி,

செயலியை விடுங்கள். 'மக்கு' என்பதை அவள் காதுபட ஒரு தரமாவது சொல்லியிருப்பீர்கள். இன்றைக்கு அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துக் கொடுங்கள்.

போன கிழமை திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கிற கன்னியாவுக்குப் போகும் வழியில் ஒரு பலகை பார்த்தேன்: 'வெண்ணீர் ஊற்று'. வெண்மை நீர்! அங்கே பாலா ஊறுகிறது?

ஒன்பது வயதில் அம்மப்பாவின் அந்தியேட்டிக்கு அங்கே போனோம். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மாமா வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற, "ஐயோ, சுடுதண்ணி!" என்று கத்தினேன். செத்தவீட்டுத் துக்கத்திலும் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தண் எண்டால் குளிர். குளிர்நீர் எப்படியடா சுடும்? இது வெம்மை நீர். வெம்மில இருக்கிற ம், நீரின்ர ந்-ஐக் கண்டு தானும் ந் ஆகிடும். வெந்நீர்." அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் பிழையாக எழுதியதே இல்லை.

பயிற்சிக்கு வருகிறேன். பயில், முயல், இரண்டும் ல்-லில் முடிகின்றன. அந்த ல்-தான் ற் ஆகிறது: பயிற்சி, முயற்சி. கல், கற்க. நில், நிற்க. வில், விற்பனை. வளர், உணர் என்பவற்றில் இருப்பது ர். அதனால் வளர்ச்சி, உணர்ச்சி. ர்-க்குப் பின்னால் ச் வரலாம். ற்-க்குப் பின்னால் இன்னோர் ஒற்று வரவே வராது. வரவே வராது! ஆனால் எத்தனை பலகையில் 'பயிற்ச்சி நிலையம்' என்று பெயின்ற் அடித்து வைத்திருக்கிறார்கள்? பிள்ளை அதைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். பெரியவர்கள் விட்ட பிழைக்கு அவள் ஏன் பத்துத் தரம் எழுத வேண்டும்?

குழம்புவாளா என்றால், மாட்டாள். எல்லாவற்றிலும் தமிழ் வேர் தோண்டுகிற பெரியவர்கள்தான் குழம்புவார்கள். கதிரை, அதாவது நாற்காலி, போர்த்துக்கேயர் கொண்டுவந்த சொல். கதிரைக்குள் போய் நெற்கதிரைத் தேடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கன்னியாவுக்குக் கூட்டிப் போங்கள். கொப்பி வேண்டாம், துவாய் எடுத்துப் போங்கள். துவாய்க்கு வேர் கேட்டால், அதுவும் கதிரை வந்த கப்பலில்தான் வந்தது என்று சொல்லுங்கள்.