வாசகர் கேள்வி-பதில்: கையொப்பத்துக்குப் பிறகு வந்த போர்

சென்ற இதழில், 1858-ஆம் ஆண்டு பிரிட்டனுக்கும் சீனாவை ஆண்ட சிங் பேரரசுக்கும் இடையே ஏற்பட்ட தியான்ஜின் ஒப்பந்தத்தைப் பற்றிச் சுருக்கமாக விடையளித்திருந்தோம். கையொப்பமான அந்த வணிக ஒப்பந்தம் ஏற்புறுதி (அரசரின் இறுதி ஒப்புதல்) பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளும் ஒரு போரும் ஆயின என்று அதில் எழுதியிருந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பல வாசகர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறோம்.

கேள்வி: முழு அதிகாரம் பெற்ற தூதர் கையொப்பமிட்ட பிறகு, அரசரின் ஏற்புறுதி தனியாக எதற்கு? கையொப்பமே அரசரைக் கட்டுப்படுத்தாதா? (சட்டக் கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

கட்டுப்படுத்தும் என்ற கருத்து ஒரு காலத்தில் ஐரோப்பாவில் இருந்தது. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில், தூதரின் கையொப்பம் நிச்சயதாம்பூலம் போன்றது, அரசரின் ஏற்புறுதியே திருமணம் போன்றது என்னும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. லண்டனிலிருந்து சீனாவுக்கு ஒரு கடிதம் போய்ச்சேர ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆன காலம் அது. தந்திக் கம்பி இன்னும் அங்கே எட்டவில்லை. அவ்வளவு தொலைவில் தன் பெயரால் ஒருவர் ஒப்புக்கொண்டு வந்ததை அரசு ஒருமுறை படித்துப் பார்த்து, அவர் தமக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தை மீறவில்லை என்று உறுதிசெய்துகொள்ள ஓர் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளிக்குப் பின் இரு தரப்பும் முத்திரையிட்ட படிகளை நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளும்போதுதான் ஒப்பந்தம் உயிர் பெறும். பிரிட்டனில் ஏற்புறுதி அளிப்பது முடியின் உரிமை. அமெரிக்காவில் அதற்கு முன் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவு வேண்டும்.

சிங் அரசவையின் எண்ணம் வேறாக இருந்தது. பேரரசர் ஒன்றுக்கு இசைந்து ஆணை பிறப்பித்துவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்பதே அங்குள்ள மரபு. தியான்ஜினில் 1858 ஜூன் 26 அன்று கையொப்பமான ஒப்பந்தத்துக்குப் பேரரசர் சியான்ஃபெங்கின் இசைவாணை ஜூலைத் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அது வரும்வரை பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபு அந்த ஊரைவிட்டு அசையவில்லை. எனவே படிகளை மாற்றிக்கொள்வது சீனர்களுக்கு வெறும் சடங்காகவும், ஆங்கிலேயர்களுக்கு ஒப்பந்தத்தின் உயிராகவும் தோன்றியது. பின்னால் நடந்த அனைத்தையும் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

கேள்வி: சுங்கவரி, துறைமுகம் போன்றவற்றில் உடன்பாடு ஏற்பட்டுவிட்ட பிறகு எதற்காகப் போரிட்டார்கள்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

வணிக விதிகளுக்காக அவர்கள் போரிடவில்லை என்பதுதான் வியப்பு. ஒப்பந்தத்தின் 56-ஆம் பிரிவு, ஏற்புறுதிப் படிகளைக் கையொப்பமிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் பெய்ஜிங்கில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றது. அதிலுள்ள நாளும் ஊரும்தான் இரு பேரரசுகளையும் மோத வைத்தன.

ஊரைக் குறிப்பிட்டு எழுதியதற்கு ஒரு பின்கதை உண்டு. 1842-ஆம் ஆண்டின் நான்ஜிங் ஒப்பந்தத்துக்கான ஏற்புறுதி மறு ஆண்டு ஹாங்காங்கில் எந்தத் தகராறும் இல்லாமல் மாற்றிக்கொள்ளப்பட்டது. ஆனால் 1858-இன் தொடக்கத்தில் கான்டன் (இன்றைய குவாங்சோ) நகரத்தைப் பிடித்த பிரிட்டிஷ் படை, அங்கிருந்த ஆளுநர் யே மிங்சென்னின் அலுவலக ஆவணங்களைக் கைப்பற்றியபோது, பழைய ஒப்பந்தங்களின் மூலப்படிகள் அவற்றுக்கிடையே கிடந்தன. தலைநகரில் பாதுகாக்கப்பட வேண்டியவை ஒரு மாகாண அலுவலகத்தில் இருந்தன. தங்கள் அரசியின் முத்திரையைச் சீன அரசு ஓர் உள்ளூர் விவகாரமாகவே கருதியிருக்கிறது என்று ஆங்கிலேயர்கள் முடிவுகட்டினார்கள். இனி எது நடந்தாலும் பேரரசரின் வாசலிலேயே நடக்க வேண்டும் என்பதில் பிடிவாதமானார்கள்.

பேரரசருக்கோ வாசல்தான் அச்சம். அயல்நாட்டுத் தூதர் ஒருவர் பெய்ஜிங்கில் நிலையாகத் தங்குவதும், மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி தரையில் பட வணங்கும் வழக்கத்தை மறுத்து நிமிர்ந்து நிற்பதும், உலகனைத்துக்கும் தாமே தலைவர் என்ற அவருடைய நிலையை மக்கள் கண்ணெதிரே குலைத்துவிடும். அந்த அச்சத்தின் அளவை ஒரு செய்தி காட்டுகிறது. தூதர் குடியிருப்பு, யாங்சி ஆற்று வணிகம், உள்நாட்டுப் பயணம் உள்ளிட்ட நான்கு விதிகளை நீக்கினால், சுங்கவரி முழுவதையுமே விட்டுக்கொடுக்கலாம் என்று அவர் தம் அதிகாரிகளைப் பணித்தார். தைப்பிங் கிளர்ச்சி என்னும் பெரும் உள்நாட்டுப் போரை அடக்கப் பணமின்றித் தவித்த அரசு, தன் நிலையான வருவாயைக் கைவிட முன்வந்தது! ஷாங்காயில் இருந்த அதிகாரிகள், குறிப்பாக ஆளுநர் ஹெ குய்சிங், அந்த யோசனையைத் தடுத்து நிறுத்தினார்கள். 1858 நவம்பரில் ஷாங்காயில் நடந்த பேச்சில், பெய்ஜிங்கில் ஏற்புறுதி முறையாக நடந்தேறினால் தூதர் வேறோர் ஊரில் தங்கித் தேவைப்படும்போது மட்டும் தலைநகருக்கு வருமாறு பரிந்துரைக்க எல்ஜின் இசைந்தார். என் கணிப்பில் அந்தப் பேரமே போரைத் தவிர்ப்பதற்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. அதைப் பேசியவர்களே மறு ஆண்டும் பேசியிருந்தால் காரியம் கைகூடியிருக்கக்கூடும்.

ஆனால் 1859-இல் வந்தவர் எல்ஜினின் தம்பி பிரடெரிக் புரூஸ். தியான்ஜினில் கையொப்பமிட்ட சீனப் பிரதிநிதிகளான குய்லியாங்கும் ஹுவாஷானாவும் ஷாங்காயில் அவரைச் சந்திக்கக் காத்திருந்தார்கள். ஜூன் 26 என்னும் கடைசி நாள் நெருங்கிவிட்டதால், சந்தித்தால் காலம் கடத்துவார்கள் என்று எண்ணிய புரூஸ் அவர்களைப் பார்க்கவே மறுத்து, அட்மிரல் ஜேம்ஸ் ஹோப்பின் போர்க்கப்பல்களோடு வடக்கே புறப்பட்டார். பெய்ஹோ ஆற்று முகத்தில் உள்ள தாக்கு என்னும் ஊரின் கோட்டைகளை மங்கோலிய இளவரசர் செங்கெலின்சின் புதிதாக வலுப்படுத்தி, ஆற்றின் குறுக்கே தடைகளைப் போட்டிருந்தார். சற்று வடக்கே பெய்டாங்கில் இறங்கித் தரைவழியாகத் தலைநகருக்கு வரலாம் என்பது சீனத் தரப்பின் அழைப்பு. ஒப்பந்தம் பெய்ஜிங்கைக் குறிப்பிட்டதே தவிர, அங்கே செல்லும் வழியைக் குறிப்பிடவில்லை. ஆயினும் புரூஸ் ஆற்றுவழியையே தம் உரிமையாகக் கொண்டார். ஜூன் 25 அன்று ஹோப் தடைகளை உடைக்க முயன்றார். கோட்டைப் பீரங்கிகள் முழங்கின. சில கப்பல்கள் மூழ்கின, பிரிட்டிஷ் தரப்பில் கொல்லப்பட்டவர்களும் காயமுற்றவர்களும் நானூறுக்கு மேல், அட்மிரலும் காயமடைந்தார்.

தவறு யாருடையது என்று கேட்டால், பெரும்பங்கு புரூஸுடையது என்றே நான் எழுதுவேன். படையோடு வந்து தலைநகரின் வாயிற்கோட்டையை உடைத்து நுழைவது ஏற்புறுதி பெறும் முறை ஆகாது. சீனத் தரப்பிலும் நேர்மைக் குறைவு இருந்தது. தியான்ஜினில் கையொப்பமிட்ட கையோடு, இந்தத் தாள்களை மெய்யான ஒப்பந்தமாகக் கருத வேண்டாம், கப்பல்களை அனுப்பிவைக்க இதுவே வழி, பின்னாளில் மீற விரும்பினால் பழியை என்மேல் போட்டு என்னைத் தண்டியுங்கள் என்னும் பொருள்பட குய்லியாங் பேரரசருக்கு எழுதியிருந்தார். எதிரியின் பீரங்கி நிழலில் கையொப்பமிட நேர்ந்த முதியவரின் நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் அப்படி எண்ணித் தரப்பட்ட வாக்கு நெடுநாள் நிற்காது. தாக்குவில் பெற்ற வெற்றிக்குப் பின் அரசவை துணிவு பெற்று, பிரிட்டனோடும் பிரான்ஸோடும் செய்த ஒப்பந்தங்களையே கைவிட முற்பட்டது.

கேள்வி: அமெரிக்கத் தூதர் போரில்லாமலே ஏற்புறுதி பெற்றார் என்று படித்தேன். உண்மையா? (வாசகி, காரைக்குடி)

உண்மை. அமெரிக்காவும் ரஷ்யாவும் 1858-இல் தியான்ஜினில் தனித்தனியே ஒப்பந்தம் செய்திருந்தன. ஜான் வார்டு என்னும் அமெரிக்கத் தூதர், சீனர்கள் சொன்ன பெய்டாங் வழியையே ஏற்று, வண்டியேறிப் பெய்ஜிங் சென்றார். அங்கே பேரரசரைக் காண மண்டியிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அவர் அதற்கு உடன்படவில்லை. பேரரசரைக் காணாமலே திரும்பி, 1859 ஆகஸ்ட் 16 அன்று பெய்டாங்கிலேயே படிகளை மாற்றிக்கொண்டார். அமெரிக்க ஒப்பந்தம் பெய்ஜிங்கில்தான் மாற்ற வேண்டும் என்று வற்புறுத்தாததால் அவருக்கு அந்த வசதி இருந்தது. ரஷ்யர்களோ அவ்வாண்டு ஏப்ரலிலேயே பெய்ஜிங்கில் ஓசையின்றி முடித்துவிட்டார்கள். பிரிட்டனுக்கு வேறு வழியே இருக்கவில்லை என்ற வாதத்தை இவ்விரு நிகழ்ச்சிகளும் பலவீனமாக்குகின்றன.

கேள்வி: இறுதியில் ஏற்புறுதி எப்படி நடந்தது? அந்தப் படையெடுப்பில் நம்மவர் இருந்தார்களா? (வாசகர், வேலூர்)

இருந்தார்கள். 1860-இல் எல்ஜினும் பிரான்ஸின் குரோ பிரபுவும் திரும்பி வந்தபோது, உடன் வந்த பிரிட்டிஷ் படையில் சீக்கியர், பஞ்சாபியர் பிரிவுகளோடு மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படைப்பிரிவும் இருந்தது. 'தாக்கு கோட்டைகள்', 'பீக்கிங் 1860' என்னும் போர்ச் சிறப்புப் பெயர்களை அப்பிரிவு பெற்றுள்ளது.

இம்முறை அவர்கள் இறங்கிய இடம், முந்திய ஆண்டு புரூஸ் செல்ல மறுத்த அதே பெய்டாங். ஆகஸ்ட் 21 அன்று தாக்கு கோட்டைகள் வீழ்ந்தன. செப்டம்பரில், வெள்ளைக் கொடியோடு பேச்சு நடத்தச் சென்ற பிரிட்டிஷ் அதிகாரி ஹாரி பார்க்ஸும் உடன் சென்றவர்களும் பிடிக்கப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், இந்தியக் குதிரை வீரர்கள் உட்பட, சிறையில் வதைபட்டு இறந்தார்கள். பேரரசர், பெய்ஜிங்குக்கு வடக்கே அரண்மனை இருந்த ரெஹெவுக்குச் சென்றுவிட்டார். சிறைப்பட்டோர் சாவுக்குப் பழியாக, ஏற்கெனவே சூறையாடப்பட்டிருந்த யுவான்மிங்யுவான் அரண்மனைத் தோட்டத்தை எரிக்க எல்ஜின் ஆணையிட்டார். அக்டோபர் 18 அன்று வைத்த தீயில், தலைமுறைகளாகக் கட்டிச் சேர்த்த மண்டபங்களும் நூல்களும் கலைச்செல்வங்களும் சாம்பலாயின. கைதிகளை வதைத்த கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஈடாக ஒரு நாகரிகத்தின் கருவூலத்தைக் கொளுத்தியதை எந்த நியாயத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

அக்டோபர் 24 அன்று, சடங்குகளுக்கான அமைச்சகக் கட்டடத்துக்கு எல்ஜின் பல்லக்கில், படைகள் சூழ வந்தார். பேரரசரின் தம்பியான இருபத்தேழு வயது இளவரசர் கோங் அங்கே காத்திருந்தார். புதிய பெய்ஜிங் உடன்படிக்கையும் தியான்ஜின் ஒப்பந்தத்தின் ஏற்புறுதியும் ஒரே அமர்வில் முடிந்தன. 40 இலட்சம் டேல் (பழைய சீன எடை அளவு) வெள்ளியாக இருந்த இழப்பீடு 80 இலட்சமாக உயர்ந்தது. கவுலூன் முனை பிரிட்டன் வசம் போனது. தியான்ஜினும் வணிகத் துறைமுகமாயிற்று. ஒப்பந்தத்தைத் தலைநகரிலும் மாகாணங்களிலும் வெளியிட வேண்டும் என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இனி அதை ஓர் அலுவலகப் பெட்டிக்குள் மறைத்துவைக்க முடியாது.

கேள்வி: ஏற்புறுதிக்கு முன்பே அபினி வணிகம் சட்டபூர்வமாகிவிட்டதா? (வாசகர், மதுரை)

1858 நவம்பரில் ஷாங்காயில் முடிவான சுங்க அட்டவணையில் அபினிக்குப் பிக்கல் ஒன்றுக்கு 30 டேல் வரி என்று எழுதப்பட்டபோதே அந்த வணிகம் சட்டத்தின் குடைக்குள் வந்துவிட்டது. பிக்கல் என்பது ஏறக்குறைய 60 கிலோ எடை. அபினியில் பெரும்பகுதி நம் நாட்டில், கங்கைச் சமவெளியிலும் மால்வாவிலும் விளைந்தது. அதைப் பயிரிட்ட உழவர்களின் துயரம் தனியே எழுத வேண்டியது.

கேள்வி: தூதர்கள் பேரரசரை எப்போதுதான் நேரில் கண்டார்கள்? (வாசகி, கோயம்புத்தூர்)

சியான்ஃபெங்கை அவர்கள் காணவே இல்லை. 1861 மார்ச்சில் புரூஸ் பெய்ஜிங்கில் குடியேறினார். பேரரசர் தலைநகருக்குத் திரும்பாமலே ஆகஸ்ட் 22 அன்று ரெஹெவில் இறந்தார். அடுத்து வந்தவர் சிறுவர் என்பதால் காட்சி தள்ளிப்போயிற்று. 1873 ஜூன் 29 அன்று, இளம்பேரரசர் தோங்ஷி அயல்நாட்டுத் தூதர்களுக்குக் காட்சி அளித்தார். அவர்கள் மண்டியிடாமல் தலைதாழ்த்தி வணங்கினார்கள். பிரிட்டன் சார்பில் அன்று நின்றவர் தாமஸ் வேட். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தியான்ஜினில் ஒப்பந்தம் பேசப்பட்டபோது மொழிபெயர்ப்பாளராக இருந்தவரும் அவரே.