ஆர்கெஸ்ட்ரா கண்டக்டருக்கு என்ன வேலை, எப்படி ஆகுறது?
நிறைய பேர் சேர்ந்து வாத்தியம் வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரால வேகம், சத்தம், யார் எப்ப நுழையணும்னு எல்லாத்தையும் கையாலயே சொல்றவர் தான் கண்டக்டர். வாசிக்கிறவங்க கிட்ட அவங்கவங்க பகுதி மட்டும் தான் இருக்கும், முழு நோட்டேஷன் (எழுதின இசைக்குறிப்பு) கண்டக்டர்கிட்ட தான். இன்னொரு காரணம், சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் தான் போகும், பெரிய மேடைல அந்த ஓரத்து சத்தம் இந்த ஓரத்துக்கு லேட்டா வரும், காத மட்டும் நம்புனா பிசிறிடும். காசிமேட்டுல படகு இழுக்குறப்ப ஒருத்தர் ஐலசா குரல் குடுத்து எல்லாரையும் ஒண்ணா இழுக்க வைப்பார்ல, அதே தான்.

கண்டக்டர் ஆகணும்னா முதல்ல ஒரு வாத்தியம் நல்லா கத்துக்கோங்க. மும்பைல பொறந்த கண்டக்டர் சுபின் மேத்தா வியன்னால டபுள் பாஸ்ங்கிற பெரிய தந்தி வாத்தியமும் படிச்சவர், 1962ல லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட பொறுப்புக்கு வந்தார்.

சினிமா இசையமைப்பாளர் மேடைல கையாட்டுறத பாத்து கண்டக்டர் தான் பாட்டு போடுறவர்னு நினைக்காதீங்க, பெரும்பாலும் வேற ஒருத்தர் எழுதுனத தான் அவர் நடத்துறார்.