அறை வாடகையைக் காட்டி மருந்துப் பணத்தைக் குறைக்கலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயக் குடும்பம். கொரோனா வந்து ஒரு மாதம் கழித்து என் 6 வயது மகனுக்கு விடாத காய்ச்சல், கண் சிவப்பு, வயிற்றுவலி. எம்.ஐ.எஸ்.-சி (கொரோனாவுக்குப் பின் குழந்தைகளின் பல உறுப்புகளில் வரும் அழற்சி) என்றார்கள். தஞ்சாவூர் தனியார் மருத்துவமனையில் ஐ.சி.யு.வில் 3 நாள், அறையில் 5 நாள். பில் ரூ.2,40,000. பாலிசி 3 லட்சம். அறை வாடகை வரம்பு நாளுக்கு ரூ.3,000. நாங்கள் எடுத்தது ரூ.4,500 அறை. அதனால் மொத்த பில்லில் மூன்றில் ஒரு பங்கு, ரூ.80,000 பிடித்துவிட்டார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினேன். இது சரிதானா?

பதில்: சரியில்லை. பெரும்பகுதி உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய பணம்.

வரம்புக்கு மேல் அறை எடுத்தால், மீறிய விகிதப்படி (4,500-ல் 1,500, அதாவது மூன்றில் ஒரு பங்கு) மற்றச் செலவுகளையும் குறைப்பார்கள், உண்மைதான். ஆனால் காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-ல் வகுத்த வரையறைப்படி மருந்து, பரிசோதனைச் செலவுகளிலும் ஐ.சி.யு. கட்டணத்திலும் அந்தக் குறைப்பு கூடாது. உங்கள் பாலிசி புத்தகத்தில் ‘அசோசியேட்டட் மெடிக்கல் எக்ஸ்பென்ஸஸ்’ (அறையைச் சார்ந்த மருத்துவச் செலவுகள்) என்ற இடத்தைப் புரட்டி இதே வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நோயில் பணம் போவதே மருந்தில்தான். இம்யூனோகுளோபுலின் என்ற, ரத்தநாளத்தில் ஏற்றும் மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம். உங்கள் மகன் 20 கிலோ என்றால் 40 கிராம், அதாவது 5 கிராம் பாட்டில் எட்டு. அறை பெரிதானாலும் சிறிதானாலும் பாட்டில் விலை ஒன்றுதானே?

நீங்கள் அனுப்பிய பில்லில் மருந்து 1,42,000, பரிசோதனை 20,000, ஐ.சி.யு. 18,000. இவற்றைத் தொடக்கூடாது. மிச்சம் அறை வாடகை 22,500, டாக்டர், நர்ஸிங் கட்டணம் 37,500. இந்த 60,000-ல் மூன்றில் ஒரு பங்கு 20,000 மட்டுமே பிடிக்கலாம். ஆக, ரூ.60,000 கேளுங்கள். அந்த மருத்துவமனையில் எல்லா அறைக்கும் ஒரே டாக்டர், நர்ஸிங் கட்டணம் என்றால் எழுதி வாங்குங்கள். அறையைப் பொறுத்து மாறாத கட்டணம் என்பதால், அந்த 37,500-ல் பிடித்த 12,500-ஐயும் கேட்கலாம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மனு: செட்டில்மென்ட் கடிதம், டிஸ்சார்ஜ் சம்மரி, தனித்தனியாகப் பிரித்த பில், பாட்டில் பேட்ச் எண் உள்ள மருந்து ரசீது. மொத்தத் தொகை மட்டும் போட்ட பில்லை இணைத்தால் மனு அங்கேயே நின்றுவிடும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது மறுத்தார்கள் என்றால் சென்னை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போங்கள். மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இதயத்தின் ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க எக்கோ (இதய ஸ்கேன்) மறுபடி எடுக்கச் சொல்வார்கள். செலவைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவுக்குப் பல பாலிசிகளில் 60 நாள் வரை இடமுண்டு. அந்த ரசீதுகளையும் தனி க்ளெய்மாக அனுப்புங்கள்.