பின்னிரவில் பாக்

அன்புள்ள அம்மா,

என் மகள் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அங்கே மாணவர்கள் நடத்தும் வானொலியில் சேர்ந்திருக்கிறாள். டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரவில்லையாம். பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசைக்கென்று அந்த வானொலி ஆண்டுதோறும் நடத்தும் விழாவில் பின்னிரவு 2 மணி நிகழ்ச்சியை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்களாம். ஒரே ஆளுடைய இசையை நாள்கணக்கில் யார் கேட்பார்கள்? அதுவும் அந்த நேரத்தில்? எல்லாம்தான் போனிலேயே கிடைக்கிறதே?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மகள் வராத வருத்தம் புரிகிறது. ஆனால் அவள் போய்ச் சேர்ந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். டபிள்யூ.கே.சி.ஆர்., 89.9 எஃப்.எம். விளம்பரம் கிடையாது. அதனால் நேரத்தைத் துண்டு போட்டு விற்க வேண்டிய கட்டாயமும் கிடையாது.

பாக் எழுதியவற்றில் சுமார் 200 கன்டாட்டாக்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. தேவாலயத்தில் குழுவாகப் பாடுவதற்கானவை பெரும்பாலும். ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே 66 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எந்த அரங்கம் அவ்வளவையும் ஒரே மூச்சில் நடத்தும்? போனில் இருக்கிறது, சரி. ஆனால் நாம் தெரிந்ததைத்தானே தேடிப் போடுகிறோம்? தொடர்ந்து கேட்கும்போதுதான் சில விஷயங்கள் பிடிபடும். 1733-ல் ஓர் அரசியின் பிறந்தநாளுக்கு, முரசொலியோடு தொடங்கும் ஒரு கன்டாட்டாவை பாக் எழுதினார். மறு ஆண்டு, இயேசு பிறந்த கதையைப் பாட்டாகச் சொல்லும் அவருடைய கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவின் தொடக்கத்தில் அதே முரசு, அதே மெட்டு. அரசிக்குப் பாடியது குழந்தை இயேசுவுக்குப் பொருந்திவிட்டது! இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட அன்று நான் சமையலை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வானொலியின் குணமே இதுதான். ஜாஸ் இசையில் சாக்ஸபோன் வாசித்த இருவரைப் பாருங்கள்: ஆகஸ்ட் 27 லெஸ்டர் யங் பிறந்தநாள், 29 சார்லி பார்க்கர் பிறந்தநாள். இருவருக்கும் சேர்த்து மூன்று நாள் விடாமல் ஒலிபரப்பு. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்தநாள் ஜூலை 4 என்றே சொல்லிவந்தார். ஞானஸ்நானப் பதிவேட்டிலோ 1901 ஆகஸ்ட் 4 என்று இருந்தது. இந்த வானொலிக்காரர்கள் இரண்டு நாளும் கொண்டாடுகிறார்கள். ஃபில் ஷாப் என்ற அறிவிப்பாளர் 1970-ல் மாணவராக இந்த வானொலிக்குள் வந்தவர். பார்க்கருக்கு மட்டுமே ஒரு நிகழ்ச்சியை 1981 முதல் 2021-ல் இறக்கும்வரை நடத்தினார்.

நம் இசைக்கும் அங்கே இடம் கிடைத்தது. 2012-ல் இதே வானொலியில் 24 மணி நேர நேரடி ராக ஒலிபரப்பு ஒன்று நடந்தது. அது 'ராகாஸ் லைவ்' என்ற ஆண்டு விழாவாக வளர்ந்து, அப்புறம் அதே நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்கு இடம்பெயர்ந்தது. கச்சேரி என்றாலே மாலைதான் என்று ஆன பிறகு, விடியலுக்கு முந்தைய லலித் ராகத்தை அதற்குரிய நேரத்தில் எங்கே போய்க் கேட்பது? ராத்திரி முழுக்க விழித்திருக்க ஆள் இருந்தால்தான் முடியும். உங்கள் மகள் மாதிரி.

யார் கேட்பார்கள் என்றீர்கள். பணி முடிந்த செவிலியர், டாக்ஸி ஓட்டுகிறவர், தூக்கம் வராத முதியவர் என்று அந்த ஊரில் ஆள் இருப்பார்கள். அப்புறம், டிசம்பரில் அங்கே பின்னிரவு 2 மணி என்றால் நமக்குப் பகல் 12.30. இணையத்திலும் ஒலிபரப்புகிறார்கள். அன்று மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து கேளுங்கள். கேட்டோம் என்று அவளிடம் சொல்லவும் செய்யுங்கள்.