மனிதக் கேடயம்: யார் பொறுப்பு?

அன்புள்ள ஐயா,

பலவீனமான தரப்பு பொதுமக்களைக் கேடயமாக வைத்துக்கொண்டால், சாவுக்கு அந்தத் தரப்புதானே முழுப் பொறுப்பு? தாக்குபவர் வேறென்ன செய்ய முடியும்? இந்த உத்தி உண்மையில் பலிக்கிறதா?

ம.

அன்புள்ள ம.,

சில சமயம் பலிக்கிறது. போஸ்னியப் போரில் 1995 மே 25, 26 தேதிகளில் பாலே நகருக்கு அருகே போஸ்னிய செர்பியரின் வெடிமருந்துக் கிடங்குகள் மீது நேட்டோ குண்டு வீசியது. செர்பியர் ஏறத்தாழ 400 ஐ.நா. அமைதிப்படையினரைப் பிடித்து, சிலரை இலக்குகளின் அருகே கம்பத்தோடு விலங்கிட்டுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். குண்டுவீச்சு நின்றது. பிடிபட்டவர்களில் பலர் குண்டுவீசிய கூட்டணியின் சொந்தச் சிப்பாய்கள், அதனால் நின்றது. ஜூனில் அவர்கள் விடுதலையானதும், அகப்படக்கூடிய இடங்களிலிருந்து ஐ.நா. தன் வீரர்களை விலக்கத் தொடங்கியது. ஆகஸ்ட் 30 அன்று பெரும் வான்தாக்குதல் தொடங்கியது. பிணைபிடித்த குற்றத்துக்கும் சேர்த்து போஸ்னிய செர்பியரின் தலைவர் கராட்ஜிச் 2016இல் தண்டிக்கப்பட்டார்.

முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்களின் உயிருக்குத் தாக்கியவர்கள் அந்த மதிப்பைத் தரவில்லை. புலிகள் மக்களை வெளியேற விடவில்லை, தப்ப முயன்றவர்களைச் சுட்டார்கள். ராணுவம் தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் பீரங்கியால் அடித்தது. இரண்டையுமே ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை சொல்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதே குழு, புலிகள் செய்தது சட்டப்படி மனிதக் கேடயம் ஆகாது என்றது. ராணுவ இலக்கைக் காக்க மக்களை வேண்டுமென்றே அதனருகே நகர்த்தியதற்கு நம்பகமான சான்று கிடைக்கவில்லை என்பது காரணம். இதைக் குற்றவிடுதலை என்று வாசிக்கக் கூடாது. மக்களைத் தடுத்து வைத்ததும் சுட்டதும் தனித்தனி மீறல்களாக அறிக்கையில் இருக்கின்றன.

இனி பொறுப்பு. ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறையில் 51ஆம் விதியின் 7ஆம் பிரிவு மக்களைக் கேடயமாக்குவதைத் தடை செய்கிறது. அடுத்த பிரிவே, எதிரி விதியை மீறினாலும் தாக்குபவரின் கடமை குறையாது என்கிறது. அந்தக் கடமை ஆயுதத் தேர்விலேயே தொடங்குகிறது. கூரைமேல் ஒரு துப்பாக்கி, பக்கத்துப் பங்கரில் பத்துப் பேர் என்றால், பரப்பு முழுக்க விழும் பல்குழல் ராக்கெட்டை எடுக்கக் கூடாது. துல்லியமாகச் சுடலாம், காத்திருக்கலாம், சுற்றி வளைக்கலாம். எதிர்பார்க்கும் ராணுவப் பயனை விடப் பொதுமக்கள் சேதம் மிஞ்சும் என்றால் தாக்குதலைக் கைவிட வேண்டும். முன்னெச்சரிக்கைத் துண்டறிக்கை போட்டுவிட்டால் போதாது. வெளியேற வழியில்லாமல் நிற்பவர்கள் அதற்குப் பிறகும் பொதுமக்களே, தளபதியின் கணக்கில் அவர்களைப் பொதுமக்களாகவே எண்ண வேண்டும்.